வரியைக் குறைத்தால் கம்பெனி வந்துவிடுமா? பினாங்கை வைத்து ஒரு எளிய விளக்கம்

நான் காலையில் கோப்பி குடிக்கும் கடையில் ஒரே நாளிதழ் பத்துக் கை மாறும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக்கு இத்தனை பில்லியன் ரிங்கிட் முதலீடு என்று முதல் பக்கத்தில் வந்துவிட்டால் கடை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "அந்தக் காசெல்லாம் எங்கேண்ணே போகுது? நம்ம பாக்கெட்டுக்கு ஒண்ணும் வரலையே" என்பார் ஒருவர். "வரியைத் தள்ளுபடி பண்ணினா எவன்தான் வரமாட்டான்?" என்பார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் பேச்சு அரசியலுக்குத் தாவும், கோப்பி ஆறிப்போகும்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மிச்சப் பாதிதான் இந்தக் கட்டுரை. பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, ஒரு கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பேப்பரில் வரும் பில்லியன்

உங்கள் அக்கா மகன் வெளியூரிலிருந்து வந்து, "மாமா, உங்க ஊர்ல மூணு லட்சத்துக்கு ஒரு ரொட்டிக் கடை போடப் போறேன்" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சொன்ன அன்றைக்கு உங்கள் ஊருக்கு ஒரு காசும் வரவில்லை. உரிமத்துக்கு மனுப் போடுகிறான், கிடைக்கிறது. அப்போதும் வரவில்லை. அப்புறம் அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், குளிர்பெட்டி வாங்குகிறான். இப்போது பணம் நகர்கிறது, ஆனால் இயந்திரம் விற்கும் வேறு ஊர்க்காரனிடம் போகிறது. உங்கள் ஊரில் தங்குவது கட்டட வேலைக்குக் கொடுத்த கூலி, மாத வாடகை, நான்கு பேர் சம்பளம், பக்கத்துக் கடையில் வாங்கும் முட்டை, இவ்வளவுதான். அதுவும் ஒரே நாளில் வருவதில்லை, மாதா மாதம் வருகிறது.

பெரிய நிறுவனமும் இதே கதைதான். ஒரு நாட்டில் தலைமையகம் வைத்துக்கொண்டு பல நாடுகளில் தொழில் நடத்துவது பன்னாட்டு நிறுவனம். அது இன்னொரு நாட்டில் ஆலை, அலுவலகம் என்று தானே நிர்வாகம் செய்யும்படி பணம் போட்டால் அது நேரடி வெளிநாட்டு முதலீடு. வெறுமனே பங்குச் சந்தையில் கொஞ்சம் பங்கு வாங்கிப் போடுவது இதில் சேராது. பங்கை மறுநாள் காலையில் விற்றுவிட்டுப் போய்விடலாம், ஆலையை அப்படிக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

பேப்பரில் நாம் படிக்கும் பெரிய எண் பெரும்பாலும் ஒப்புதல் பெற்ற முதலீடு, அதாவது நிறுவனம் போடுவதாகச் சொல்லி அரசு சரி என்று கையெழுத்திட்ட தொகை. உண்மையில் செலவானது நிறைவேறிய முதலீடு. இரண்டுக்கும் நடுவில் சில ஆண்டுகள் ஓடும், சில திட்டங்கள் வழியிலேயே சுருங்கும். 2021 டிசம்பரில் இன்டெல் நிறுவனம் மலேசியாவில் 3,000 கோடி ரிங்கிட் போடப்போவதாக அறிவித்தது. தலைப்பில் தொகைதான் பெரிதாகத் தெரிந்தது. அது 10 ஆண்டுகளுக்கான கணக்கு என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

ஆக, முதல் நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பில்லியன் மூட்டையில் வந்து இறங்குவதில்லை. பெரும்பகுதி இயந்திரமாக மாறுகிறது, மிச்சம் சம்பளமாகவும் கொள்முதலாகவும் மெதுவாகக் கசிகிறது.

நாசி கண்டார்க்காரர் இடம் பார்ப்பது போல

சரி, நிறுவனம் எதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறது?

பினாங்கில் நாசி கண்டார் கடை, அதாவது சோறும் குழம்பும் விற்கும் கடை, போடுகிறவரைக் கேளுங்கள். வாடகை மலிவாக இருக்கிறதே என்று ஆள் நடமாட்டமில்லாத சந்தில் யாரும் கடை போட மாட்டார்கள். தண்ணீர் ஒழுங்காக வருமா, விடியற்காலையில் மீன் கிடைக்குமா, குழம்பு வைக்கத் தெரிந்த கை அகப்படுமா, நகராண்மைக் கழகம் உரிமத்தை ஆறு மாதம் இழுக்குமா, இதையெல்லாம் விசாரித்த பிறகுதான் வாடகையைப் பேசுவார்கள். பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு சாப்பாட்டுக் கடை இருந்தால் பயப்படவும் மாட்டார்கள். கூட்டம் வரும் இடம் என்பதற்கு அதுதான் சாட்சி.

பன்னாட்டு நிறுவனத்தின் கவலைப் பட்டியலும் இதுவேதான், அளவு மட்டும் பெரிது. போட்ட பணம் திரும்ப வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் மின்சாரம் போனால் என்ன, சட்டம் மாறினால் என்ன, பொறியாளர் கிடைக்காவிட்டால் என்ன என்ற பயம்தான் முதலில் வருகிறது. முதலீட்டை ஈர்ப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், இந்தப் பயத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போவது என்பேன். இதைப் பினாங்கு எப்படிச் செய்தது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

நெல்வயலில் முளைத்த ஆலை

1786-இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை நட்டதிலிருந்து பினாங்கு வாழ்ந்தது துறைமுகத்தால். சரக்குக்குச் சுங்கவரி இல்லாத சுதந்திரத் துறைமுகம் அது. தமிழர்கள் பலர் இங்கே கால் ஊன்றியதும் இந்தத் துறைமுக வாணிபத்தோடு வந்துதான். 1969-இல் அந்தத் தகுதி போய்விட்டது. வாணிபம் படுத்தது, தெருவில் வேலையில்லாத இளைஞர் கூட்டம். அதே ஆண்டு முதலமைச்சரானவர் லிம் சொங் இயூ. தொழிலால் மருத்துவர். 1990 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அவர் ஆட்சியில் 1969-இலேயே பினாங்கு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. நிலத்தை வாங்கிச் சீர் செய்து, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் இழுத்துத் தயாராக வைத்திருப்பது அதன் வேலை. வருகிற நிறுவனம் பத்து அலுவலகப் படி ஏறாமல் ஒரே இடத்தில் காரியம் முடிக்க வேண்டும் என்பது நோக்கம். விமான நிலையத்தை ஒட்டியிருந்த பாயான் லெப்பாஸ் அப்போது நெல்வயல். 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கேதான் தொடங்கியது. நேஷனல் செமிகண்டக்டர், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஜெர்மனியின் போஷ், ஜப்பானின் ஹிட்டாச்சி, கிளாரியன் என்று தொடக்கத்தில் வந்த எட்டு நிறுவனங்களுக்கும் பின்னாளில் 'எட்டு சாமுராய்கள்' என்று செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஏன் மின்னணு நிறுவனங்கள்? ஏன் சிமெண்டு ஆலைகள் வரவில்லை?

ஒரு கணினிச் சில்லு இரண்டு கட்டமாக உருவாகிறது. முதல் கட்டத்தில் வட்டமான சிலிக்கன் தகட்டின் மேல் நுண்ணிய மின்சுற்றுகளைப் பதிக்கிறார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரமும் பெரிய விஞ்ஞானமும் வேண்டும். இரண்டாம் கட்டத்தில் அந்தத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மெல்லிய கம்பி இணைத்து, உறை போட்டு, வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்த இரண்டாம் கட்டம் முழுக்கக் கைவேலை. அமெரிக்கக் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆனால் சில்லு எடை குறைந்த, விலை அதிகமான சரக்கு. ஒரு பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கி விமானத்தில் அனுப்பலாம். தகடு அங்கிருந்து பறந்து வந்து, இங்கே சில்லாகித் திரும்பப் பறந்துவிடும். விமான நிலையத்துக்குப் பக்கத்து வயலுக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்போது புரிகிறது அல்லவா. சிமெண்டு மூட்டைக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் சரிவராது.

என் பெரியம்மா எழுபதுகளின் கடைசியில் அப்படியொரு ஆலையில் சேர்ந்தார். எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியின் ஒரு முனையைச் சில்லிலும் மறு முனையைச் சட்டத்திலும் ஒட்டும் வேலை. "மூச்சை நல்லா விட்டாக் கம்பி ஆடும்டா" என்று இப்போதும் சொல்வார். ஊசியில் நூல் கோக்க இன்றைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்.

ஒரு தொழிலின் முழு ஓட்டத்தையும், கச்சாப் பொருளிலிருந்து கடை வரை எந்த வேலை எங்கே நடக்கிறது என்ற தொடரையும், மதிப்புச் சங்கிலி என்கிறார்கள். பினாங்கு சங்கிலி முழுவதற்கும் ஆசைப்படவில்லை. தன்னிடம் இருந்த ஆட்களுக்கும் இடத்துக்கும் பொருந்திய ஒரு கண்ணியை மட்டும் பிடித்தது.

வேலிக்குள் வெளிநாடு

தகடு உள்ளே வரும்போது இறக்குமதி வரி, சில்லு வெளியே போகும்போது ஆவணம், நடுவில் சுங்க அதிகாரியின் சோதனை என்றால் கணக்கு கெட்டுவிடும். இதற்காக வந்ததுதான் தடையற்ற வாணிப மண்டலம். 1971-இல் மலேசியா இதற்குச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு பாயான் லெப்பாஸில் மண்டலம் அமைந்தது.

விமான நிலையத்தில் வேறு விமானத்துக்குக் காத்திருக்கும் பயணியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நம் மண்ணில்தான் நிற்கிறார், ஆனால் குடிநுழைவைத் தாண்டவில்லை. சாப்பிடலாம், தூங்கலாம், அடுத்த விமானம் ஏறிப் போய்விடலாம். மண்டலத்துக்குள் வரும் சரக்கும் அப்படித்தான். சுங்கக் கணக்கில் அது இன்னும் நாட்டுக்குள் நுழையவேயில்லை. வேலியைத் தாண்டி உள்ளூர்ச் சந்தைக்கு வந்தால்தான் வரி. நாடு வரியை விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சிலர் குறைப்படுவார்கள். எப்படியும் திரும்பிப் போகிற சரக்கில் விட்டுக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை.

வரி விடுமுறை என்ற மந்திரம்

இப்போது இரண்டாவது நண்பருக்கு வருவோம். புதிதாக வரும் நிறுவனத்தின் லாபத்துக்குச் சில ஆண்டுகள் வருமான வரி கேட்காமல் இருப்பது வரி விடுமுறை. மலேசியாவில் இதற்கு 1958-இலேயே சட்டம் வந்துவிட்டது, 1968-இல் அது இன்னும் விரிந்தது. முதல் எட்டுப் பேரும் சும்மா வரவில்லை, சலுகை அவர்களுக்கும் இனித்தது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மலேசியாவில் நிறுவன வருமான வரி மத்திய அரசின் கையில் இருக்கிறது. பினாங்கு முதலமைச்சர் நினைத்தாலும் அதில் ஒரு காசு குறைக்க முடியாது. பினாங்குக்குக் கிடைத்த விடுமுறை மற்ற மாநிலங்களுக்கும் கிடைத்தது. பின்தங்கிய பகுதிகளுக்குப் போனால் கூடுதல் சலுகை என்றுகூட அரசு அறிவித்துப் பார்த்தது. வரிதான் காந்தம் என்றால் நிறுவனங்கள் அங்கேயல்லவா ஓடியிருக்க வேண்டும்? பாயான் லெப்பாஸில் ஏன் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன?

மாநிலத்தின் கையில் இருந்தது நிலமும் தண்ணீரும் உள்ளூர் அனுமதிகளும். லிம் சொங் இயூவின் ஆட்கள் விளையாடியது அந்த மூன்றை வைத்துத்தான். அண்டை நாடுகளும் வரி விடுமுறை தருகின்றன, எல்லோரும் தருகிற ஒன்றுக்காக யாரும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் அப்பளம் போல. இல்லையென்றால் குறை சொல்வார்கள், இருக்கிறது என்பதற்காக யாரும் பந்திக்கு வருவதில்லை.

இந்த மந்திரத்துக்கு இப்போது பலமும் குறைந்துவிட்டது. ஆண்டு வருமானம் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டுக் குழுமங்கள் எங்கே தொழில் செய்தாலும் லாபத்துக்குக் குறைந்தது 15 விழுக்காடு வரி கட்ட வேண்டும் என்று உலக நாடுகள் பல சேர்ந்து ஒரு விதி செய்திருக்கின்றன. மலேசியா அதை 2025 ஜனவரியிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அந்த விதிப்படி, ஒரு நாடு வரியை முழுக்கத் தள்ளுபடி செய்தாலும் குறையும் தொகையை இன்னொரு நாடு வசூலித்துக்கொள்ள வழியிருக்கிறது. நாம் விட்டுக்கொடுத்ததை வேறொருவர் எடுத்துக்கொள்வார் என்றால் நாம் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

வந்தவர்கள் ஏன் போகவில்லை

கூலி மலிவு என்று வந்தவன் அதைவிட மலிவான ஊரைக் கண்டால் கிளம்பிவிடுவான். இது நியாயமான பயம், பல ஊர்களில் நடந்திருக்கிறது. தைக்கிற இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போவது ஆடை ஆலைக்கு ஒரு மாத வேலை.

1975-இல் இன்டெலின் பினாங்கு ஆலை தீப்பிடித்து எரிந்து நாசமானது. வந்து மூன்றே ஆண்டு. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட அதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. நிறுவனம் போகவில்லை, மறுபடி கட்டியது. வேலை பழகிய கைகள் அப்போதே இங்கே இருந்தன, வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கினால் அதற்கே காலம் பிடிக்கும்.

அந்தக் கைகளின் எண்ணிக்கை கூடக் கூட வேறொன்று உருவாயிற்று. ஆலைகளுக்கு உலோக அச்சு, பிடிப்பான், உதிரி பாகம் செய்து கொடுக்க ஊரில் சின்னப் பட்டறைகள் முளைத்தன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வாரக்கணக்கில் ஆகும் பாகம் தெருமுனைப் பட்டறையில் அடுத்த நாளே கிடைத்தது. பட்டறைகள் நிறுவனங்களாயின. ஆலையில் பொறியாளராக இருந்தவர்கள் வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்கினார்கள். குளோப்டிரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இன்டெலில் வேலை பார்த்தவர்கள். சில்லுகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரம் செய்து உலகமெங்கும் விற்கும் விட்ராக்ஸ் 2000-இல் பினாங்கில் பிறந்தது.

ஒரே தொழிலைச் சேர்ந்த ஆலைகளும் பட்டறைகளும் பயிற்சி நிலையங்களும் ஒரு வட்டாரத்தில் சேர்ந்து, ஒன்றையொன்று தாங்கி நிற்பதைத் தொழில் திரள் என்கிறார்கள். திருப்பூர், சிவகாசி என்று சொன்னால் தமிழ்நாட்டு வாசகருக்கு உடனே விளங்கும். திரள் ஒன்று அமைந்துவிட்டால் வெளியேறுவதற்குக் கூலி வித்தியாசம் மட்டும் போதாது. ஆலையைத் தூக்கிப் போகலாம், தெருமுனைப் பட்டறையையும் இருபது வருட அனுபவசாலியையும் சேர்த்துத் தூக்க முடியாது.

1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் எனக்கு மிகவும் பிடித்த கதை. சந்தையில் ஒருவரையொருவர் முட்டி மோதும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களை ஒரே வகுப்பறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தன. என்ன சொல்லிக்கொடுப்பது என்பதைத் தொழில்துறையே முடிவு செய்தது, அரசு துணை நின்றது. நான் பயிற்சி கொடுத்த ஆளை எதிரி இழுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் யாருமே பயிற்சி கொடுக்காமல் இருப்பதுதான் பொதுவான வழக்கம். அதற்கு இங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

கம்பி ஒட்டும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகும் பாயான் லெப்பாஸ் காலியாகாததற்கு இதெல்லாம்தான் காரணம். கைவேலை போய்ச் சோதனை வந்தது, பிறகு சில்லின் வடிவமைப்பு வேலையும் வந்தது. உலகில் நடக்கும் சில்லு உறையிடல், சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காடு இன்று மலேசியாவில் நடக்கிறது, அதில் பெரும் பங்கு பினாங்குடையது.

சுருக்கிச் சொன்னால், வரி விடுமுறையும் கூலியும் அழைத்து வரலாம், தங்க வைப்பது ஆட்களும் பட்டறைகளும்.

இதற்கு விலை கொடுத்தவர்கள்

வெற்றிக் கதை சொல்கிறவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை.

கம்பங்கள் என்று இங்கே சொல்லும் கிராமங்களிலிருந்து முதன்முதலாக ஆலைக்கு வந்த இளம்பெண்களை, பெரும்பாலும் மலாய்ப் பெண்களை, ஊர் 'மீனா கரான்' என்று கேலி செய்தது. கரான் என்றால் மின்சாரம், நாம் சொல்லும் அதே கரண்டுதான். இரவு வேலைக்குப் போகிறாள், தனியாகச் சம்பாதிக்கிறாள் என்பதில் ஊருக்கு ஒரு எரிச்சல். மின்னணு ஆலைத் தொழிலாளர்கள் நாடு தழுவிய தொழிற்சங்கம் அமைக்கப் பல பத்தாண்டுகள் அனுமதியில்லை. முதலீட்டாளர்கள் கலைந்துவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1985-இல் உலகச் சந்தை தள்ளாடியபோது பினாங்கு ஆலைகளிலும் ஆட்குறைப்பு நடந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பி வாழும் ஊருக்கு வெளிநாட்டுத் தும்மலும் வரும்.

இன்றைய நெருக்கடிகள் வேறு. பாயான் லெப்பாஸ் இருக்கும் பினாங்குத் தீவில் நிலம் தீர்ந்துவிட்டது. புதிய ஆலைகள் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் 'பத்து காவான்' என்ற ஊருக்குப் போகின்றன, 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் அதற்குக் கை கொடுத்தது. தெற்குக் கரையில் கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்தார்கள். சில்லுத் தொழில் தண்ணீரைக் குடிக்கும் தொழில். பினாங்கின் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் அண்டை மாநிலமான கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றை நம்பியிருக்கிறது. ஆலைக்குக் கொடுத்த வாக்குறுதி ஆற்றின் கையில் இருக்கிறது என்று அர்த்தம். பயிற்சி பெற்ற பொறியாளரோ சிங்கப்பூர் டாலரை ரிங்கிட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுகிறார். பாடுபட்டுச் சேர்த்த திரளில் மதிப்பு மிகுந்த சரக்கு அவர்தான், அவருக்கு வேலி கிடையாது.

ஒரு செய்தியைப் படிக்கும்போது

இவ்வளவு தெரிந்த பிறகு 'இத்தனை பில்லியன் வந்தது' என்ற செய்தியை வேறு கண்ணால் படிக்கலாம். ஒப்புதலா, நிறைவேறியதா என்று முதலில் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். தொகையைவிட, சங்கிலியில் எந்தக் கண்ணி வருகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரவு மையம் ஒன்று பல பில்லியனை விழுங்கிவிட்டுச் சில நூறு பேருக்கு வேலை தரலாம், அதில் பாதித் தொகைக்கு வரும் வடிவமைப்பு மையம் ஊரின் பொறியாளர்களைத் தங்க வைக்கலாம். உள்ளூர்ப் பட்டறைகளிடம் எவ்வளவு வாங்கப்போகிறார்கள் என்பது செய்தியில் அநேகமாக இருக்காது. மெனக்கெட்டுத் தேடினால் சில சமயம் கிடைக்கும்.

போன வாரம் கோப்பிக் கடையில் இதையெல்லாம் விரிவாக எடுத்துச் சொன்னேன். வரி விடுமுறைக்காரர் தலையாட்டினார், நம்பினாரா தெரியவில்லை. 'நம்ம பாக்கெட்டுக்கு வரலையே' என்பவர் மட்டும் செய்தியைக் கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்தார். அப்புறம் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் சரி தம்பி. என் மகள் பாலிடெக்னிக் முடிக்கப் போறா. ஆள் எடுக்கறாங்களான்னு எங்கே போட்டிருக்கு?"

இரண்டு முறை தேடினேன். போட்டிருக்கவில்லை.